இலையின் கதவும் ஒரு கள்ளச்சாவியும்

தக்காளி இலையில் சின்னச் சின்னதாகக் கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வளையம். மொட்டைமாடியில் தொட்டி வைத்திருக்கிற மக்கள் யாராவது இதைப் பார்த்திருக்கலாம். (உடனே உங்க செடிக்கும் இதேதான்னு முடிவு கட்டிடாதீங்க, பூஞ்சையும் புள்ளி வைக்கும்.) பாக்டீரியா வைத்த புள்ளி என்றால், அந்தக் கறுப்புக்குள் பாக்டீரியா கோடிக்கணக்கில் குடியிருக்கும். ஆனால் மஞ்சள் வளையத்தில் தேடினால் அனேகமாக ஆளே இருக்காது. ஆள் இல்லாத இடத்தில் இலை எப்படி வெளுக்கிறது?

நச்சு. பாக்டீரியா ஏதோ ஒன்றைக் கசியவிடுகிறது, அது பக்கத்துச் செல்களுக்குப் பரவி அவற்றைக் கெடுக்கிறது. இந்தப் பதில் தப்பில்லை. ஆனா "நச்சு" என்ற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு எலிபாஷாணம்தான் ஞாபகம் வரும். உள்ளே போகும், கொல்லும், அவ்வளவுதான். விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் அப்படித்தான் பார்த்தார்கள். இந்த வகை நச்சுகளில் ஒன்று கொல்லவே வரவில்லை, செடியின் கையெழுத்தைப் போலிபண்ண வந்தது என்று புரிவதற்குள் 20ஆம் நூற்றாண்டே முடிந்துவிட்டது.

(டிஸ்கி: நான் தாவரவியல் படிச்சவன் இல்லை. ஆர்வக்கோளாறுல படிச்சதை எழுதறேன்.)

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கணும். ஏன்னா, செடிக்குப் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதையே ஒத்துக்கொள்ளாத காலம் ஒன்று இருந்தது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பேரிக்காய் மரங்களுக்கு ஒரு நோய். கிளையை நெருப்பில் வாட்டியது போல இலையும் பூவும் கருகித் தொங்கும். பனி என்றார்கள், வெயில் என்றார்கள், பூச்சி என்றார்கள். தாமஸ் பரில் என்கிற தாவரவியல் பேராசிரியர், கருகிய கிளையிலிருந்து வழிகிற பிசினை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உள்ளே நெளிகிற பாக்டீரியாக் கூட்டம். 1878இல் அங்குள்ள தோட்டக்கலைக்காரர்களிடம் சொன்னார். 1880இல் அந்தப் பிசினை நல்ல மரத்தில் ஏற்றி நோயை வரவழைத்தும் காட்டினார். அப்புறம் 1885இல் ஆர்தர் என்பவர் நியூயார்க்கில் இன்னும் சுத்தமாகச் செய்தார். நோய்ச்சாற்றை வடிகட்டி, பாக்டீரியா நீங்கிய திரவத்தை மட்டும் மரத்தில் ஏற்றினார், நோய் வரவில்லை. பாக்டீரியாவை ஏற்றினார், வந்தது. இந்த வடிகட்டல் சோதனையை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

இவ்வளவு ஆன பிறகும் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஃபிஷர் என்ற பெரிய பாக்டீரியா நிபுணர், 1897இல் எழுதிய புத்தகத்தில், செடிக்குப் பாக்டீரியா நோய் என்று ஒன்று கிடையாது என்று அடித்துச் சொன்னார். செடியின் செல்லுக்கு மரம் மாதிரி சுவர் இருக்கிறது, அதைத் தாண்டி இவை உள்ளே போக முடியாது, ஏற்கனவே செத்த இடத்தில் குப்பை தின்ன வந்தவைதான் நீங்கள் பார்ப்பது என்பது அவர் வாதம். அமெரிக்க விவசாயத் துறையில் இருந்த எர்வின் ஸ்மித்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஃபிஷரின் நாட்டுப் பத்திரிகையிலேயே 1899 முதல் 1901 வரை பதில் மேல் பதில், படம் மேல் படம். நம்ம வலைப்பதிவுச் சண்டையெல்லாம் அதன் பக்கத்தில் வராது :-) ஸ்மித் ஜெயித்தார். பரில் கண்டுபிடித்த அந்தப் பேரிக்காய்க் கிருமிக்கு இன்றைக்கு எர்வினியா என்று பெயர், இவர் ஞாபகமாகத்தான்.

ஃபிஷரைப் பற்றி ஒன்று சொல்லணும். தோற்றவர் என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. சுவரும் தோலுமாக மூடிக்கிடக்கிற இலைக்குள் இந்த அற்ப ஜீவன் எப்படி நுழைகிறது? காயம் வழியாக, பூ வழியாக, இலையின் துளைகள் வழியாக என்று ஸ்மித்தின் ஆட்கள் பதில் சொன்னார்கள். முட்டைக்கோஸ் இலையின் ஓரத்தில் நீர் கசியும் துளைகள் வழியாகப் போவதைக் காட்டியும் விட்டார்கள். ஆக, துளை திறந்திருக்கிறது, கிருமி போகிறது. அதற்கு மேல் யாரும் அந்தக் கேள்வியைக் கிளறவில்லை. அது நூறு வருஷம் சும்மா கிடந்தது.

1917. வட கரோலினாவில் புகையிலைத் தோட்டங்களில் ஒரு புதுநோய். இலையில் மஞ்சள் வட்டங்கள், நடுவே கருகல். பரவிய வேகத்தைப் பார்த்து விவசாயிகள் அதற்குக் காட்டுத்தீ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வுல்ஃப், ஃபாஸ்டர் இருவரும் அதன் பாக்டீரியாவைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில்தான் அந்த வடிகட்டல் சோதனை திரும்ப வந்தது, இந்தத் தடவை தலைகீழாக. பாக்டீரியாவை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமி நீங்கிய வெறும் தண்ணியை இலையில் வைத்தாலே மஞ்சள் வளையம் வந்தது. கிருமியே இல்லாமல் நோயின் அடையாளம்! ஆர்தரின் பேரிக்காயில் நடக்காதது புகையிலையில் நடந்தது.

அந்த நச்சு என்ன பொருள் என்று தேடியவர்கள் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தின் ஆர்மின் பிரவுனும் வூலியும். வூலி பார்வையற்றவர். சர்க்கரை நோயால் இளம் வயதிலேயே கண் போய்விட்டது, அதற்குப் பிறகும் வேதியியலில் ராஜாவாக இருந்தவர். 1950களில் இவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த நச்சு மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் இருக்கிறது, அதன் இடத்தில் போய் உட்கார்ந்து செல்லை ஏமாற்றுகிறது என்றார்கள். ஆதாரமும் வைத்திருந்தார்கள். மெத்தியோனினைத் திரித்து செய்த ஒரு செயற்கைப் பொருளை இலையில் வைத்தால் அச்சு அசலாக அதே மஞ்சள் வளையம்.

தப்பு! 1968இல் அது உடைந்தது. நச்சு அடிப்பது குளூட்டமின் சிந்தடேஸ் என்ற நொதியை. இலைக்குள் சேர்கிற அம்மோனியாவைப் பத்திரமாகக் கட்டிவைக்கிற வேலை அதனுடையது. அதை முடக்கினால் அம்மோனியா தேங்கி பச்சையம் கெடுகிறது, இலை வெளுக்கிறது. பிரவுன் ஆதாரமாக வைத்த அந்தச் செயற்கைப் பொருளும் உண்மையில் இதே நொதியைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு திருடனும் ஒரே வீட்டுக்குள் போனதைப் பார்த்துவிட்டு, வீட்டு நம்பரை மாற்றி எழுதிக்கொண்டார் மனிதர். நச்சின் சரியான வடிவம் 1971இல் வந்தது. டாப்டாக்சின் என்பது அதன் பெயர்.

இது வரைக்கும் பார்த்தால் எலிபாஷாணக் கதை சரியாகத்தான் போகிறது. நொதி, முடக்கம், சாவு. இதே மாதிரி பீன்ஸ் இலையில் வளையம் போடும் இன்னொரு நச்சு, அது வேறு ஒரு நொதியை முடக்கும். அதை விட்டுவிடுவோம்.

கதையைத் திருப்பிப் போட்டது மூன்றாவது ஆள். பெயர் கொரோனாடைன். பயப்படாதீங்க, அந்தக் கொரோனாவுக்கும் இதுக்கும் சொந்தமில்லை. லத்தீனில் கொரோனா என்றால் கிரீடம், வளையம். 1920இல் சார்லட் எலியட் என்ற அம்மணி ஓட்ஸ் இலையில் வளையம் போட்ட பாக்டீரியாவுக்கு, வளையம் உண்டாக்குவது என்ற பொருளில் கொரோனாஃபேசியன்ஸ் என்று பெயர் வைத்தார். ஜப்பானில் புல் ஒன்றில் இருந்த அதன் ஒன்றுவிட்ட தம்பியிலிருந்து ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து இச்சிஹாராவும் கூட்டாளிகளும் ஒரு நச்சைப் பிரித்து, 1977இல் வடிவத்தை வெளியிட்டார்கள். பெயரை அண்ணன்காரனிடமிருந்து எடுத்துக் கொரோனாடைன் என்று வைத்தார்கள். வேடிக்கை என்னன்னா, ஓட்ஸில் வளையம் போட்ட அந்த அண்ணன் கக்குவது டாப்டாக்சின்! பெயர் ஒரு இடம், சரக்கு ஒரு இடம்.

இந்த நச்சு எந்த நொதியையும் அடிக்கிற மாதிரி தெரியவில்லை. உருளைக்கிழங்கில் வைத்தால் கிழங்குச் செல்கள் சாகவில்லை, வீங்கின. பாஷாணம் தின்றவன் குண்டாவானா?

இங்கே கதை ஒரு பூக்கடைக்குள் போகிறது. நம்ம ஊரில் சாதிமல்லி, பிச்சி என்கிற பூவின் வாசனை எண்ணெயிலிருந்து 1962இல் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருளைப் பிரித்திருந்தார்கள். சென்ட் கம்பெனிகளுக்குப் பிடித்த சரக்கு, அவ்வளவுதான் மரியாதை. 1990இல் அமெரிக்காவில் ஃபார்மரும் ரயனும் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரு மூடிய பெட்டிக்குள் தக்காளிச் செடியையும், இந்த வாசனை தருகிற ஒரு பாலைப்புதரின் கிளையையும் வைத்தார்கள். ஒன்றை ஒன்று தொடவில்லை. ஆனால் தக்காளி இலை, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கிற புரதத்தைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆக, ஜாஸ்மோனேட் என்பது செடிக்குள் ஓடுகிற தந்தி. புழு கடிக்குது, ஆயுதத்தை எடு என்கிற தந்தி.

இப்போது கொரோனாடைனின் படத்தையும் ஜாஸ்மோனேட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம். ரெண்டும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி இருக்கே?

சந்தேகத்தை உறுதி செய்தது இங்கிலாந்தின் நாரிச் நகரம். ஜான் டர்னரின் குழு அராபிடாப்சிஸ் என்ற கடுகு வகைச் செடியின் (ஆய்வகங்களின் வெள்ளெலி என்று வைத்துக்கொள்ளுங்கள்) மரபணுக்களை மாற்றிக் கலைத்த விதைகளைக் கொரோனாடைன் கலந்த ஊடகத்தில் விதைத்தது. சாதாரண நாற்றுகளின் வேர் வளராமல் சுருங்கிவிட்டது. சில நாற்றுகள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வேர் விட்டன. 1994இல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவுகள் மூன்று. இந்த நாற்றுகளுக்குக் கொரோனாடைன் உறைக்கவில்லை, ஜாஸ்மோனேட்டும் உறைக்கவில்லை. பாக்டீரியா நோயை நன்றாகத் தாங்கின. மூன்றாவது, அவற்றின் மகரந்தம் மலடு.

எனக்கு இந்த மூன்றாவது முடிவைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. கொரோனாடைனும் ஜாஸ்மோனேட்டும் ஒரே பூட்டில் நுழைகின்றன. அந்தப் பூட்டுக்கு கோய்1 என்று பெயர். பூட்டையே பிடுங்கி எறிந்தால் திருடன் வரமாட்டான், சரிதான். ஆனால் வீட்டுக்காரனுக்கு வாரிசு கிடையாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அதோடு போகவில்லை. 1997இல் ஜாஸ்மோனேட் தயாரிக்கவே முடியாத செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மண்ணில் சாதாரணமாகத் திரிகிற ஒரு சின்னக் கொசு போன்ற ஈயின் புழுக்கள் வந்து, அவற்றில் சுமார் 80 சதவீதத்தைத் தின்று தீர்த்துவிட்டன. பக்கத்துத் தொட்டியில் இருந்த நல்ல செடிகள் பெரும்பாலும் பிழைத்தன. பாக்டீரியா எவ்வளவு யோசித்துப் பூட்டைத் தேர்ந்தெடுத்திருக்கு பாருங்க. (யோசிக்கவெல்லாம் இல்லை, பரிணாமம். தெரியும். இருந்தாலும்!) செடி தூக்கி எறிய முடியாத பூட்டுக்குத்தான் கள்ளச்சாவி செய்திருக்கிறது.

சரி, கதவைத் திறந்து அதுக்கு என்ன லாபம்? செடியைப் புழுவோடு சண்டை போடச் சொல்லுவதில் பாக்டீரியாவுக்கு என்ன கிடைக்கிறது?

செடிக்குள் இன்னொரு தந்தி ஓடுகிறது, சாலிசிலிக் அமிலம். ஆஸ்பிரின் மாத்திரையின் அக்கா. 1979இல் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் ஏற்றிப் பார்த்தபோது வைரஸைத் தாங்கும் சக்தி வந்தது. இலைக்குள் உயிரோடு குடியிருக்கிற பாக்டீரியாவை எதிர்க்கிற தந்தியும் இதுதான். பெரும்பாலான நேரம் ஒரு தந்தி உரக்கக் கேட்டால் மற்றது அமுங்கிவிடும். செடிக்கு இருப்பதே கொஞ்சம் சத்து, எல்லாச் சண்டைக்கும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்ப முடியாது. கிழக்கு வாசலில் தீ என்று பொய்யாகக் கத்தி எல்லோரையும் அங்கே ஓடவிட்டு, மேற்கு வாசல் வழியாக நுழைகிற திருடன் கதை நமக்குப் புதுசா என்ன? கொரோனாடைன் எப்படி சாலிசிலிக் அமிலம் சேராமல் தடுக்கிறது என்பதன் கண்ணிகளை 2012இல் விரிவாகக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் உள்ளே நுழைந்த பிறகு. ஃபிஷரின் பழைய கேள்வி அப்படியே கிடக்கிறது. நுழைவது எப்படி?

1995இல் மிட்டலும் டேவிஸும் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்திருந்தார்கள். கொரோனாடைன் செய்யத் தெரியாத பாக்டீரியாவை ஊசியில்லாத சிரிஞ்சால் இலைக்குள் நேராக அழுத்திவிட்டால் நன்றாக வளர்கிறது. அதே பாக்டீரியாக் கரைசலில் இலையை வெளியிலிருந்து முக்கி எடுத்தால் சுத்தமாகச் சொதப்புகிறது. அதாவது நச்சு உள்ளே பெருக அவ்வளவு தேவைப்படவில்லை, உள்ளே வரத்தான் தேவைப்பட்டது. விடை கையில் இருந்தது. ஆனாலும் அடுத்த 11 வருஷம் அது புதிராகவே இருந்தது. காரணம், இலைத்துளை என்பது வெறும் ஜன்னல் என்று எல்லோருக்கும் தெரியும்! காற்று வரும், நீராவி போகும், அதோடு கிருமியும் போகும். பாடப்புத்தகத்தில் நாமும் அப்படித்தானே படம் வரைந்தோம், அவரைவிதை மாதிரி ரெண்டு காப்பு செல், நடுவில் ஓட்டை.

2006இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேலி மெலோட்டோவும் ஷெங் யாங் ஹீயின் குழுவும் அந்த ஓட்டையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த பாக்டீரியா, கெர்ன்சி தீவில் ஒரு தக்காளிச் செடியில் பிடித்த கிருமியின் வாரிசு. நாம் ஆரம்பத்தில் பார்த்த கரும்புள்ளிக்காரனேதான். அராபிடாப்சிஸ் இலையின் மேல் அதை வைத்ததும், 2 மணி நேரத்துக்குள் துளைகள் மூடிக்கொண்டன. ஜன்னல் இல்லை, கதவு! பாக்டீரியாவின் வாலில் இருக்கிற புரதத்தின் 22 அமினோ அமிலத் துணுக்கைக் காட்டினாலே போதும், காப்பு செல்கள் ஆள் வந்திருக்கிறான் என்று கண்டுகொண்டு கதவைச் சாத்தின. மனிதருக்கு உணவு வழியாக விஷமாகிற ஒரு ஈ.கோலி வகையை வைத்தார்கள், அதற்கும் கதவு மூடியது, திறக்கவே இல்லை.

கெர்ன்சிக்காரனுக்கு மட்டும், 3 மணி நேரம் ஆனதும் கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. கொரோனாடைன் செய்யத் தெரியாத அதன் உடன்பிறப்பு வெளியிலேயே நின்றது. 1995இன் முக்கி எடுத்த இலைக்கு விடை அதுதான். சிரிஞ்சால் உள்ளே தள்ளியபோது நாம்தான் திருடனைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் இறக்கிவிட்டிருக்கிறோம். அப்புறம் அவனுக்குச் சாவி எதுக்கு?

செடி கைகட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் ஃபிஷர், ஸ்மித் இருவருக்குமே பொதுவான எண்ணமாக இருந்திருக்கிறது. ஒருவர் சுவர் காக்கும் என்றார், இன்னொருவர் ஓட்டை இருக்கிறது என்றார். ஓட்டையிலேயே காவல் இருக்கிறது என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது அடுத்த நான்கே வருஷத்தில் தெளிந்துவிட்டது. 2007இல் ஜாஸ் என்ற புரதங்களைக் கண்டார்கள். இவை சாதாரண நேரத்தில் ஆயுதக் கிடங்கின் மேல் உட்கார்ந்திருக்கிற பூதங்கள். ஜாஸ்மோனேட், ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, கோய்1க்கும் ஜாஸுக்கும் நடுவில் பசை மாதிரி ஒட்டும். ஒட்டியதும் ஜாஸ் சிதைக்கப்படும், கிடங்கு திறக்கும். 2010இல் இதன் முப்பரிமாணப் படமும் வந்தது. கொரோனாடைன் அதே குழியில், அசல் சாவியைவிட இறுக்கமாகப் பொருந்துகிறது. பாக்டீரியா நகல் எடுத்தது ஜாஸ்மோனேட்டைக்கூட இல்லை, ஜாஸ்மோனேட்டும் ஐசோலூசினும் சேர்ந்த முழு ஜோடியை! அந்த ஜோடிதான் உண்மையான தந்தி என்று நமக்கே 2004 வாக்கில்தான் தெரியும்.

இந்தப் படம் கையில் வந்ததும் இன்னொரு யோசனை பிறந்தது. பூட்டைப் பிடுங்க வேண்டாம், கொஞ்சம் அரத்தால் ராவினால் என்ன? அசல் சாவி நுழையணும், கள்ளச்சாவி சிக்கணும். 2015இல் ஹீயின் குழு கோய்1 புரதத்தில் 384ஆம் இடத்தில் இருக்கிற ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றியது, அலனினுக்குப் பதில் வாலின். அந்தக் குழியின் விளிம்பில் ஒரு மயிரிழை மாற்றம். அந்த அராபிடாப்சிஸ் செடிகள் விதை வைத்தன, இலை தின்னும் புழுவை நல்ல செடி மாதிரியே எதிர்த்தன, கொரோனாடைன் செய்கிற பாக்டீரியாவை முன்பைவிட நன்றாகத் தாங்கின. 1994இல் நாரிச்சில் மலட்டுச் செடியைப் பார்த்தபோது, ரெண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் போல இருந்தது. அப்படி ஒன்றும் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது.

அராபிடாப்சிஸை யாரும் சாம்பாரில் போடப்போவதில்லை. அதனால் தக்காளி. 2019இல் மாட்ரிட்டில் ரொபர்த்தோ சொலானோவின் குழு, கிரிஸ்பர் கத்தரியால் தக்காளியின் ஜாஸ்2 மரபணுவை வெட்டித் திருத்தியது. காப்பு செல்களில் வேலை செய்கிற ஜாஸ் அது. திருத்திய செடியில் கொரோனாடைன் வந்து தட்டினாலும் ஜாஸ் சிதையாமல் உட்கார்ந்திருக்கும், கதவு திறக்காது. கரும்புள்ளி நோய் குறைந்தது. ஜாஸ்மோனேட் தந்தி கெட்டால் முதலில் படையெடுக்கிற சாம்பல் பூசணம் இதில் கூடுதலாகப் பிடிக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள், பிடிக்கவில்லை.

எங்க வீட்டுத் தொட்டிச் செடிக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி வெளியே போடுவதுதான் இன்றைக்கும் வைத்தியம். சாயங்காலம் தண்ணி ஊத்தும்போது இலை மேல் படாமல் வேரில் ஊத்துங்க. இலை மேல் நிற்கிற அந்த ஈரத்தில்தான் பயல்கள் கதவு வரைக்கும் நீந்தி வருகிறார்கள்.